யாரைக் கேட்டு ரத்து செய்தீர்கள்?

அத்தியாயம் 17

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். கடிக்கவே வழியில்லாத பல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பொறுப்பது?

பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில், கண்ணாடிக்குப் பின்னால், மைக்கின் முன்னால் உட்கார்ந்து வெண்கலம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வெண்கலம் என்பது டிரைவர்கள் வைத்த பெயர். கணீரென்ற குரலுக்காக வைத்தது, நாளடைவில் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்த வெண்கலத்தில் விரிசல். வலது கன்னம் உப்பிக் கண்ணைப் பாதி மூடியிருந்தது. கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை எடுத்து முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. கடைவாயில் சீழ்பிடித்த பல். மனதில் அதைவிட மோசமாக வீங்கிய ஒன்று.

போன மாதமே பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். அந்த நாள் காலையில் கணவன் வந்து, "டாக்டர் ஊர்ல இல்லையாம், போன் வந்துச்சு" என்றான். நம்பினாள். நேற்று முகம் வீங்கிய பிறகு அவளே கிளினிக்குக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் இருந்த பெண், "டாக்டரம்மா எங்கேயும் போகலையே. உங்க வீட்டுக்காரர்தான் கூப்பிட்டு வேண்டாம்னுட்டார். பிரசவம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கறோம்னார்" என்றாள்.

நேற்றே கேட்டிருப்பாள். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், ஏதோ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போனவன் காலை வரை திரும்பவில்லை. போனில் சண்டை போட அவளுக்குப் பிடிக்காது. முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி இது.

துறைமுகம் போகும் பேருந்து வந்து நின்றது. மைக்கை இழுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பேருந்து ஏயாம் மேடையிலிருந்து..."

ஏழு வரவில்லை. நாக்கை மேலே வளைத்தால் கன்னம் முழுக்க நெருப்பு. மறுபடி முயன்றாள். மறுபடியும் 'ஏயாம் மேடை'தான். கீழே சிலர் ஆறாம் மேடைக்கு ஓடினார்கள், சிலர் ஏழுக்கு. ஒரு பெரியவர் பெட்டியோடு நடுவில் நின்று கூரையில் இருந்த ஒலிபெருக்கியை முறைத்துப் பார்த்தார். இரண்டு டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வந்தார்.

"ழகரம் வராத அறிவிப்பாளரை வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? நம்ம கிட்ட இருக்கறதே ஏழாம் மேடை, கீழூர் பாதை, வழித்தட எண்... எல்லாம் ழ தான்!"

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் ஸ்கார்ஃபைக் கழற்றி முகத்தைக் காட்டினாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னம்மா இது? கிளம்பு. இப்பவே கிளம்பு. நானே சொல்லிக்கறேன் மைக்ல. என் குரலைக் கேட்டு ஜனங்க பஸ்ஸை விட்டுட்டு ஓடினா அது என் பாடு. துணைக்கு யாரையாவது கூப்பிடவா? வீட்டுக்காரருக்குப் போன் போடவா?"

"அவருக்கு மட்டும் வேணாம் சார்" என்றாள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ கணீரென்று வந்தது.

கிளினிக் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில் அட்டை தொங்கியது: 'பழுது. படியைப் பயன்படுத்தவும்.' தாலி கட்டியவன் ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட வைக்கிறான், பெண்டாட்டி ஏறவேண்டிய லிஃப்ட் மட்டும் படுத்துக்கிடக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் கணவனுக்கு ஒரு வார்த்தை வைத்தாள். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள்.

பல் டாக்டர் குள்ளமான பெண்மணி. தலையில் பூப்போட்ட துணித் தொப்பி. முகத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"கொஞ்சம் ஏறியிருக்கே. எப்பவும் இப்படியா? வீட்டுல ஏதாவது சண்டையா?"

"இன்னும் இல்ல டாக்டர். சாயங்காலம்தான்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அப்ப நாம வேலையை முடிச்சுட்டு மறுபடி பாக்கலாம். வாயைத் திறங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

ஒரு விரல் அகலம்தான் திறந்தது. டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே நுழைத்தார். ஈறு சிவந்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்தது.

"பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

"மூணாம் மாசத்துலேர்ந்து வருது. மாசமா இருந்தா அப்படித்தான்னு எல்லாரும் சொன்னாங்க."

"மாசமா இருந்தா ஈறு சீக்கிரம் வீங்கும், அது வாஸ்தவம். அதனால இன்னும் நல்லாப் பாத்துக்கணும்னுதான் அர்த்தம். விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல. வாந்தி நிறைய இருந்துச்சா?"

"குடலே வெளியே வந்துடற மாதிரி."

"வாந்தி எடுத்த கையோட பிரஷ் பண்ணுவீங்களோ?"

"ஆமா. வாய் புளிச்சுக் கிடக்குமே."

"புளிப்பு பல் மேல இருக்கும்போது தேய்ச்சா பல்லும் சேர்ந்து தேயும். முதல்ல தண்ணி விட்டுக் கொப்பளிக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பிரஷ்." டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார். குரலிலிருந்த இளக்கம் போய்விட்டது. "ஏம்மா, போன மாசமே வந்திருந்தா சின்னதா அடைச்சு அனுப்பியிருப்பேன். நாலாம் மாசம், அஞ்சாம் மாசம், ஆறாம் மாசம்தான் உங்களுக்கும் சௌகரியம், எங்களுக்கும் சௌகரியம். எதுக்கு ரத்து பண்ணீங்க?"

"நான் பண்ணலை."

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா டாக்டர்? ஊசி, எக்ஸ்ரே எல்லாம்..."

"மரத்துப்போற ஊசி அந்த இடத்துக்கு மட்டும்தான். உங்களுக்குச் சரியான மருந்துதான் போடுவேன். எக்ஸ்ரே ஒண்ணே ஒண்ணு, வயித்து மேல ஈயப் போர்வை போட்டு. பயப்படவேண்டியது இதுக்கு இல்ல. இந்தச் சீழுக்குத்தான். உங்களுக்கு இப்பவே லேசா காய்ச்சல் இருக்கு. இதை இப்படியே பிரசவம் வரைக்கும் வச்சிருக்கச் சொன்னது யாரு? அவங்களை ஒரு நாள் இந்த நாற்காலியில உக்கார வைக்கணும்."

பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் போனில் ஒருமுறை பேசிக்கொண்டார். "வீட்டுல யாரையாவது கேக்கணுமா?" என்று இவளிடம் கேட்டார்.

"என் வாயை நான்தானே திறக்கணும்" என்றாள் வெண்கலம். "ஆரம்பிங்க."

மல்லாந்து படுக்க விடவில்லை. வலது இடுப்புக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து, உடம்பை இடப்பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள். நேராகப் படுத்தால் வயிற்றின் பாரம் ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றுமாம். ஊசி குத்தியபோது கண்ணில் நீர் தெறித்தது. பிறகு கன்னம் அவளுடையதாக இல்லாமல் போனது. உள்ளே ஏதோ திறந்துகொண்டது. கெட்ட நாற்றம், கசப்பு, உறிஞ்சும் குழாயின் சத்தம். பிறகு, இத்தனை நாளாகத் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்த சம்மட்டியை யாரோ கீழே வைத்ததுபோல ஒரு அமைதி.

வயிற்றில் குழந்தை ஒரு உதை விட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

இல்லை என்று கையை ஆட்டினாள். வலி போய்விட்டது. அதனால்தான் அழுகை. இதற்குத்தானா இத்தனை நாள்? இவ்வளவுதானா? இதைச் செய்யவிடாமல்தான் ஒருவன் போனை எடுத்து, அவள் வாயைப் பற்றி இன்னொருத்தியிடம் பேசி முடித்தானா? இதுவரை வலி அடைத்துக்கொண்டிருந்த இடம் முழுவதும் இப்போது கோபத்துக்கு விசாலமாகக் கிடைத்துவிட்டது.

"பல்லைப் பிடுங்கவேண்டாம், காப்பாத்திடலாம். இன்னும் ரெண்டு தடவை வரணும்" என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். "பெரிய குழந்தை இருக்கா?"

"பொண்ணு. மூணு வயசு ஆகப்போகுது."

"பல்லைக் காட்டியிருக்கீங்களா எங்கேயாவது?"

"பால் பல்லுதானே டாக்டர்?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "முதல் பிறந்த நாளுக்குள்ள ஒரு தடவை காட்டியிருக்கணும். பரவாயில்ல. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஜன்னல் பக்கத்துல உக்கார வச்சு, மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு இருந்தா சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. பழுப்பா இருந்தா நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தபோது மாமியார் தையல் மெஷினில் சோபா உறை தைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் தொழில். ஊரிலுள்ள பாதி வீட்டு சோபாக்கள் அவள் தைத்த சட்டையைத்தான் போட்டிருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். முன்னால் மூன்று பல் கட்டியது. கட்டியது சரியாக உட்காராது.

"என்னம்மா, முகத்து வீக்கம் வத்திடுச்சே!" மெஷினை நிறுத்தினாள். "எங்கே போனே?"

"பல் டாக்டர் கிட்ட."

மாமியார் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வாண்டு தரையில் காலைப் பரப்பிக்கொண்டு துணித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது. வெண்கலம் அதை அள்ளி ஜன்னலோரம் உட்கார வைத்தாள். "அம்மாகிட்ட ஈ காட்டு." வாண்டு காட்டியது. எப்போதும்போல முத்துச் சிரிப்பு. பிறகு, டாக்டர் சொன்னபடி மேல் உதட்டைக் கட்டைவிரலால் தூக்கினாள்.

உதட்டுக்குப் பின்னால், ஈறை ஒட்டி, நான்கு முன்பற்களிலும் தேநீர்க் கறைபோலப் பழுப்பு. ஒன்றில் ஊசி முனையளவு பள்ளம்.

"வலிக்குதாடா?"

"பிஸ்கட் கடிச்சா வலிக்கும்" என்றது வாண்டு, அதுவொன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல. "அப்பாகிட்ட சொன்னேனே."

வெண்கலம் உதட்டை மெதுவாக விட்டாள்.

"அத்தை, எனக்கு சாயங்கால டூட்டி இருக்கற நாள்ல இவளை யாரு தூங்க வைக்கறது?"

"அவன்தான். நீ இல்லாம தூங்காதே இது. பாட்டிலை வாயில வச்சாத்தான் கண்ணை மூடும்."

"என்ன பாட்டில்?"

"பால்தான். சர்க்கரை போட்டு. வாயில வச்சபடியே தூங்கிடும். பல்லு சொத்தையாகிடும்டான்னு ஒரு நாள் சொன்னேன். பால் பல்லு விழத்தானே போகுது, உனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னான். எனக்கு என்ன தெரியும், எனக்கே இருக்கறது நாலு பல்லுதானேன்னு நானும் விட்டுட்டேன்."

பாட்டிலைக் குழந்தையின் வாயிலிருந்து பிடுங்க அவனுக்கு மனம் வராது. அவள் வாயிலிருந்து வைத்தியத்தைப் பிடுங்க மட்டும் மனம் வந்தது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

கணவன் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் லிஃப்ட் குழிக்குள் கிடந்த களைப்பு. சட்டையெல்லாம் கிரீஸ். பின்னாலேயே மாமனாரும் வந்தார். பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே குழாய் சொட்டினாலும் அவர் காதுக்குக் கேட்டுவிடும். அடுத்த வீட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டு, ஸ்பேனரைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். "வீக்கம் குறைஞ்சிருக்கே! நான்தான் சொன்னேனே, தானா அமுங்கிடும்னு."

அவ்வளவுதான்.

"யாரைக் கேட்டு ரத்து பண்ணீங்க?"

"என்னது?"

"டாக்டர் ஊர்ல இல்லைன்னீங்களே. அவங்க அங்கேயேதான் இருந்தாங்க. இன்னிக்கும் இருந்தாங்க. என் பல்லைத் திறந்து, ஒரு கிண்ணம் சீழை எடுத்து வெளியே கொட்டினாங்க. யாரைக் கேட்டு ரத்து பண்ணீங்க?"

கணவன் வார்த்தையை மென்று முழுங்கினான். "போயிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? என் வாய். என் பல்லு. என் வயிறு. இதுல எது உங்க பேர்ல இருக்கு?"

"கத்தாதே. மாசமா இருக்கறவ."

"மாசமா இருக்கறவதான் கத்தறேன்! ராத்திரி ராத்திரியா சுவத்துல முட்டிக்கிட்டு நின்னேனே, அப்ப தெரியலையா மாசமா இருக்கறவன்னு? பக்கத்துல படுத்துக்கிட்டு, கிராம்பு வச்சுக்கோன்னு சொன்னீங்களே! தெரிஞ்சே சொன்னீங்களே!"

வாண்டு மெஷினுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. வெண்கலம் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியபோது அது இன்னும் கூர்மையானது.

"குழந்தையோட உதட்டைத் தூக்கிப் பாத்திருக்கீங்களா? முன்பல்லு நாலும் பழுப்பு. பிஸ்கட் கடிச்சா வலிக்குதுன்னு உங்ககிட்ட சொன்னாளாம். என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பால் பல்லுதானே... நீ வேற வலியில இருந்தே..."

"விழற பல்லா இருந்தாலும் விழற வரைக்கும் அவதானே வலியைத் தாங்கணும்? நீங்களா தாங்கப்போறீங்க?"

"நான் வேணும்னா செஞ்சேன்?" கணவனின் குரலும் ஏறியது. "பயம்டி! எனக்குப் பயம்! இந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. மாசமா இருக்கும்போது பல்லைப் பிடுங்கித்தான் எங்கம்மாவுக்கு ஒரு பிள்ளை போச்சு. எனக்கு ஒரு தம்பி பிறந்திருக்கணும். பல்லுல கை வச்சதும் போயிட்டான். சின்ன வயசுலேர்ந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். உன்னை எப்படி அனுப்புவேன்?"

தையல் மெஷினிலிருந்து ஒரு நூல் கண்டு உருண்டு கீழே விழுந்தது.

"யாருடா சொன்னது?" என்றாள் மாமியார்.

"என்னம்மா?"

"பல்லைப் பிடுங்கினதாலதான் பிள்ளை போச்சுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

"அப்பாதான். எத்தனை தடவை சொல்லியிருக்கார். நீயும் பக்கத்துல இருந்திருக்கியேம்மா."

மாமியார் எழுந்தாள். மடியிலிருந்த சோபா உறை சரிந்து விழுந்தது. அவள் அதைத் தாண்டி வந்து மாமனார் முன்னால் நின்றாள். கை வாய்க்குப் போகவில்லை.

"பிள்ளை போனப்புறம்தான்யா பல்லைப் பிடுங்கினாங்க!"

மாமனார் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தினார்.

"தாடை உப்பிப் போய், கழுத்து வரைக்கும் வீங்கி, அனல் மாதிரி காய்ச்சல்ல கிடந்தேன். தண்ணி முழுங்க முடியலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பல்லைக் காட்டணும்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். பொறு, பொறுன்னீங்க. காய்ச்சல் நிக்கலை. பிள்ளை அசைவு நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் தூக்கிட்டு ஓடினீங்க. எல்லாம் முடிஞ்சு, வெறும் வயித்தோட கட்டில்ல கிடந்தப்பதான் டாக்டர் வந்து இந்தப் பல்லைப் பிடுங்கினார். முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மான்னு கேட்டார். அந்த டாக்டர் கேட்டது இன்னும் என் காதுல இருக்கு."

"அம்மா..." என்றான் மகன்.

"நீ சும்மா இரு! இத்தனை வருஷமா இவர் வரிசையை மாத்திச் சொல்றார். பல்லு முதல்ல, பிள்ளை அப்புறம்னு. நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். போன பிள்ளையைப் பத்திப் பேசவேண்டாம், எதையோ சொல்லி மனசைத் தேத்திக்கறார்னு இருந்துட்டேன். பல்லு போனா சொல்லு போச்சும்பாங்களே, அது எனக்குத்தான் சரியாப் போச்சு. ஆனா அந்தப் பொய் சும்மா இருக்கலை பாத்தீங்களா? அது வளர்ந்து, உங்க பிள்ளை தலைக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு, இந்தப் பொண்ணோட வைத்தியத்தை நிறுத்துது! இன்னொரு பிள்ளையையும் கொண்டுபோகப் பாத்துச்சே!"

வெண்கலம் மாமியாரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளில், இந்த அம்மாளின் வாயை முழுதாக அவள் பார்த்ததில்லை. காலையிலிருந்து அவள் கணவன் மேல் மட்டும் கோபமாக இருந்தாள். கோபத்தின் வேர் இவ்வளவு கீழே ஓடியிருக்கும் என்று தெரியாது.

மாமனார் மெல்லச் சொன்னார்: "கூட்டிட்டுப் போகவேணாம்னு சொன்னது நான் இல்ல."

"பின்னே?"

"உங்க அண்ணன்."

மாமியாரின் முகம் வெளுத்தது. அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவர். நாலு தெரு தள்ளி இரும்புக் கடை வைத்திருக்கிறார். இந்த வீட்டில் எந்த முடிவும் அவர் காதில் விழாமல் எடுக்கப்படுவதில்லை.

"நான் வண்டி கூப்பிடக் கிளம்பினேன். உங்க அண்ணன் வாசல்ல நின்னு தடுத்தார். மாசமா இருக்கறவ பல்லுல கை வைக்கக் கூடாது, ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்னார். நான் திரும்பிட்டேன்."

"பொய்."

"போய்க் கேளு. உயிரோடதானே இருக்கார்."

மாமியார் கதவுக்கருகே போனாள். செருப்பை மாட்டினாள். இடது செருப்பு வலது காலுக்குப் போயிற்று. உதறிவிட்டு மறுபடி மாட்டினாள்.

"நானும் வரேன் அத்தை."

"நீ உக்காரு. உனக்கு மாத்திரை போடற நேரம் ஆச்சு." மகன் பக்கம் திரும்பினாள். "நீ வா. நீதானே கேட்டு வளர்ந்தவன்? நிஜத்தையும் உன் காதாலேயே கேளு. அப்புறம் நாளைக்குக் காலையில வேலைக்கு லீவு சொல்லிடு. குழந்தையைப் பல் டாக்டர் கிட்ட நீதான் தூக்கிட்டுப் போகணும். உன் மடியில உக்கார வச்சு அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வரணும். மறுபடியும் டாக்டர் ஊர்ல இல்லைன்னு வந்து நின்னே, இந்தப் படி ஏறாதே."

கணவன் வெண்கலத்தைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்பு அவன் உதட்டு நுனி வரைக்கும் வந்து நிற்பது தெரிந்தது. அது அங்கேயே நிற்கட்டும். இன்றைக்கு அதை வாங்கி வைக்க அவளிடம் இடமில்லை.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். அம்மா முன்னால், மகன் நாலடி பின்னால்.

வீடு சட்டென்று காலியானதுபோல் இருந்தது. வெண்கலம் மாத்திரையை விழுங்கினாள். வாண்டு மெஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, "பாட்டில்" என்றது. "இன்னிக்கு டம்ளர்ல தண்ணிதான் கண்ணு" என்றாள். வாண்டு ஊரே கேட்க அழுதது. அழட்டும் என்று தோளில் போட்டுத் தட்டினாள். மருந்து வேகம் குறைந்து கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக அவளுடையதாகிக்கொண்டிருந்தது.

அழுகை ஓய்ந்த பிறகுதான் மாமனார் பேசினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப வலி இருக்காம்மா?"

இந்த வீட்டில் அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள். இதைப் போன மாதமே யாராவது கேட்டிருக்கலாம்.

"வலி போயிடுச்சு மாமா. கோபம்தான் இருக்கு."

அவர் தலையசைத்தார். ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மாமா, அத்தைகிட்ட இப்ப சொன்னீங்களே. அவங்க அண்ணன் வாசல்ல நின்னு தடுத்தார்னு. அது நிஜமா?"

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஊர்க் குழாயெல்லாம் சரி பண்ணுகிறவர் அதைக் கேட்டும் எழுந்திருக்கவில்லை.

"பாதி" என்றார்.

வெண்கலம் குழந்தையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். காலால் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப மீதியையும் சொல்லுங்க மாமா. இந்த வீட்டுல பாதி பாதியாக் கேட்டது எனக்குப் போதும்."